புறாக்கறிக்குச் சேர்வது

விதானையார், புறாக்கறிக்குக் கறிவேப்பிலையை அள்ளிப் போடுகிறவர்களுக்குச் சமையல் தெரியாது. கோழிக்கு அது சரி. புறாவுக்கு நாலு இலை போதும். கூடினால் இலைதான் மணக்கும், இறைச்சி எங்கே என்று தேடவேண்டி வரும்.

ஊர் நிர்வாகம் பார்க்கிற நீங்கள் சமையல் கேட்க வரவில்லை என்று தெரியும். காணிப் பத்திரத்தில் அண்ணிக்குப் பிறகு என் பெயரைப் பதிவதற்கு ஒப்பம் வாங்க வந்திருக்கிறீர்கள். வாங்கலாம், அவசரமில்லை. நேற்று என் அண்ணர் பரமலிங்கம் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில் நீங்களும் இருந்தீர்கள். அண்ணி அன்னபாக்கியம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னதையும் கேட்டீர்கள்.

“என்ர மனுசனுக்குத் தாய் மாதிரிப் பக்கத்தில இருந்து கஞ்சி பருக்கினது இந்தத் தம்பிதான்.”

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. செய்யாத வேலைக்குப் பெயர் வாங்குவது எனக்குச் சரிவராது. சின்ன வயதிலிருந்தே பொய் எனக்குப் பிடிக்காது. ஆகவே, கஞ்சியைப் பற்றி ஊர் பிழையாக நினைத்திருப்பதைத் திருத்திவிட்டு ஒப்பம் வைக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குப் புறாவிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நாங்கள் ஐம்பத்துநாலில் இந்தக் குளத்துக்குக் கீழே குடிவந்தோம். மேட்டுக்காணியில் நின்ற பாலை மரங்களை வெட்டி வேர் கிளப்பியவன் நான். அரசாங்கம் தந்த பத்திரத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம், அது அண்ணருடையது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் தனக்குப் பிறகு என் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருந்தார். போன கார்த்திகையில் மனம் மாறி, அண்ணியின் தங்கை மகனுக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

“நீ தனிக்கட்டை. உனக்கேனடா காணி?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாளைக்கு இதை யாராவது உங்கள் காதில் போட்டு, இதுதான் காரணம் என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே முதலிலேயே சொல்லிவைக்கிறேன். அதற்கும் நடந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அவர் அதை எழுதமுன்னமே, தை மாதம் அவருக்குச் செங்கமாரி வந்தது, கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். டாக்குத்தர் அண்ணியையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். ஈரல் வீங்கியிருக்கிறது, ஆறு மாதம் இறைச்சி, எண்ணெய், தேங்காய்ப்பால் ஒன்றும் ஆகாது, குடி ஒரு சொட்டும் ஆகாது, பத்தியம் காத்தால் ஆள் எழும்பிவிடுவார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

அண்ணி விடிய எழும்பிக் கஞ்சி காய்ச்சுவார். குத்தரிசியும் ஒரு பிடி முருங்கையிலையும் போட்டு, உப்பு மட்டாக. அதைக் குசினியில் மூடிவைத்துவிட்டு வயலில் அரிவு வெட்டுக்குப் போவார். வெட்டுத் தொடங்கிய முதல் நாளே என் காலில் நெல்லறுக்கிற தாக்கத்தி பட்டிருந்தது. அதனால் நான் வீட்டில். அண்ணரைப் பார்ப்பது என் பொறுப்பு.

நாலு நாள் கஞ்சி குடித்தார். ஐந்தாம் நாள் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

“வாய் செத்துப்போச்சுதடா தம்பி. ஒரு புறாவெண்டாலும் காய்ச்சித் தாவன்.”

“டாக்குத்தர் வேண்டாமெண்டெல்லோ சொன்னவர், அண்ணை.”

“ஒரு துண்டு. நாக்கில வைக்கத்தான்.”

கவனியுங்கள், கேட்டது அவர். அறுவடைக் காலத்தில் நெல்லுச் சூடு மிதிக்கும் களத்துக்குப் புறாக்கள் கூட்டமாக இறங்கும். புது நெல் தின்ற புறாவில் நல்ல கொழுப்பு இருக்கும். கண்ணி வைத்து ஒன்றைப் பிடித்தேன். முதல் நாள் மிளகும் உள்ளிப்பூண்டும் தட்டிப் போட்டு, தண்ணீராக ஒரு இரசம் மட்டும். நோயாளி அல்லவா. அண்ணர் எலும்பைக்கூட விடவில்லை. கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கஞ்சி மிஞ்சிவிட்டது. அதைக் கொட்டினால் நாய் வரும், அண்ணி காண்பார். அரிசியைக் கொட்டுவதும் பாவம். நானே குடித்தேன். பின்னேரம் அண்ணி சேற்றுக் காலோடு வந்து முதல் கேட்டது அதைத்தான்.

“தம்பி, கஞ்சி முடிஞ்சுதோ?”

“ஓம் அண்ணி, முடிஞ்சுது.”

அது உண்மை. முடிந்துதான் இருந்தது. ஆர் குடித்தது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்படியே நாள் போனது. மெல்லிய இரசம் புறாவுக்குப் போதாது என்பது எனக்கு மூன்றாம் புறாவிலேயே தெரிந்துவிட்டது. அது வறண்ட இறைச்சி. தேங்காய் முதற்பால் விட்டுச் சுண்டக் காய்ச்சினால்தான் நூல் நூலாகக் கழலும். கடுகை அரைத்துச் சேர்த்தால் காட்டு வெடுக்கு மணம் போகும். இறக்கியபின் நல்லெண்ணெயில் வெங்காயம் தாளித்துக் கொட்டவேண்டும். சோற்றோடு அது சேராது, குரக்கன் பிட்டோடுதான் சேரும். தேசிக்காய்ப்புளி விடலாம், பழப்புளி கூடாது. இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. அண்ணர் ஒவ்வொரு நாளும் நேற்றையதைவிட இன்று நல்லது என்பார். ஏழு வருடம் அந்த வீட்டில் மாடாய் உழைத்தேன், என் கைவேலையை அவர் மெச்சியது அந்த ஒரு மாதம்தான். அது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

குடிப்பதற்கு எது பொருந்தும் என்பதுதான் சிக்கல். விடியற்காலைக் கள்ளு இனிப்பு, புறாவின் உறைப்போடு நிற்காது. பின்னேரக் கள்ளு புளிக்கும், தேசிக்காயும் புளி, இரண்டும் சண்டை பிடிக்கும். அந்தக் கொழுப்பை அறுத்துக்கொண்டு போகச் சாராயம்தான் சரி, அதுவும் தண்ணீர் விடாமல் ஒரு சின்னக் கிளாஸ். போத்தலை நெடுங்கேணியில் வாங்கினேன். நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனேன்.

அண்ணர் சாராயம் கேட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவர் கேட்கவில்லை, கறி கேட்டது. கிளாஸைக் கண்டதும் முதலில் தயங்கினார். “இது வேண்டாமடா” என்றார். நான் கையில் கொடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கிளாஸ் வெறுமையாக இருந்தது. அடுத்த நாள் இரண்டு வைத்தேன்.

நான் மெலியத் தொடங்கினேன். ஒரு மாதம் பத்தியக் கஞ்சியே என் சாப்பாடு. புறாவில் ஒரு துண்டும் நான் தின்னவில்லை, உப்புப் பார்க்க நாக்கு நுனியில் வைத்ததோடு சரி. ஊர் என்னைக் கண்டு, தமையனுக்காகத் தன்னை உருக்குகிறான் என்று கதைத்தது. எனக்கு அந்த நாட்களில் வயிற்றெரிவு நின்று உடம்பு லேசாக இருந்தது. அண்ணியின் கஞ்சி நல்ல கஞ்சி.

அண்ணருக்குக் கண் மறுபடியும் மஞ்சளாகிவந்தது. கால் வீங்கியது, பிறகு வயிறு. அண்ணி அவர் காலைத் தடவிக்கொண்டே, “இவ்வளவு பத்தியம் காத்தும் ஏன் இறங்குதில்லை?” என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, தன்னிடம்தான் கேட்டுக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து கஞ்சியில் இன்னும் உப்பைக் குறைத்தார்.

பங்குனி இரண்டாம் வெள்ளி பின்னேரம் மூச்சு நின்றது. மொத்தம் இருபத்துமூன்று புறா.

சட்டப்படி இது என்னவென்று எனக்குத் தெரியாது. நஞ்சு வைக்கவில்லை, கழுத்தை நெரிக்கவில்லை. ஒரு நோயாளி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுத்தேன். இது அவரைக் கொல்லும் என்று தெரிந்துதான் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டதைத்தான் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். சாவதற்கு முந்திய திங்கட்கிழமை. பங்குனித் திங்கள், அண்ணி அவருக்காக விரதம் இருந்து கோயிலுக்குப் போய் அப்படியே வயலுக்குப் போய்விட்டார். நான் புறாவை அடுப்பில் வேகவிட்டு, அண்ணரின் படுக்கைக்குப் பக்கத்திலிருந்து வழமைபோலக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண் விழித்து என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

“இறைச்சி வேண்டாமடா தம்பி,” என்றார். “அவள் காய்ச்சின கஞ்சியில கொஞ்சம் தா. எனக்கு உயிரோட இருக்கவேணும் போலக் கிடக்கு.”

“முடிஞ்சுது அண்ணை” என்றேன்.

கோப்பையில் பாதிக்கு மேல் இருந்தது. பொய் எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன்தானே, விதானையார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.