மேல்சரிவுக்கு ஏற மறுத்த அண்ணிக்கு

முப்பத்தெட்டு ஆண்டுகள் மலையை ஏறி இறங்கிய மாதரசியே! பனியிலும் பணியை விடாத பண்பாளரே! இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் அண்ணியானவரே! இன்று ஓய்வு பெறும் உங்களை வணங்க வந்தோம், வாழ்த்த வந்தோம், கொஞ்சம் வாயாடவும் வந்தோம்!

கொழுந்து பறிக்க வந்த இடத்தில் கொழுந்தனே மேற்பார்வையாளராக வாய்த்தது உங்களுக்கு மட்டும்தான். வீட்டில் உங்கள் கையால் சோறுண்டுவிட்டு, மலையில் உங்களையே விரட்டுவார் அவர். "அண்ணி, கை ஓடட்டும்!" என்பார். "உன் வாய் ஓடுற வேகத்துக்குக் கால் ஓடினா நல்லாருக்கும்" என்பீர்கள். வரிசை வரிசையாய்ச் சிரிப்போம்.

அந்த மழைக்காலக் காலையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாள் மழையில் மேல்சரிவின் உச்சியில் ஒரு முழ அகலத்துக்கு மண் பிளந்திருந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். ஏறியே ஆக வேண்டும் என்றது அலுவலகம். கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பாதை நடுவே உட்கார்ந்தீர்கள். உங்கள் பின்னால் நாங்கள் முப்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"எந்திரிங்க அண்ணி, என் வேலை போயிடும்" என்று கெஞ்சினார் கொழுந்தன்.

"வேலை போனா நான் சோறு போடுறேன். இத்தனை பொம்பளைங்க உசுரு போனா யாருக்குன்னு பதில் சொல்லுவே? நீயும் உக்காரு."

விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார், உட்கார்ந்தார். அடடா, அந்த நிமிடம்!

மலை அன்று சரியவில்லை. மறுநாளும் சரியவில்லை. பயந்தாங்கொள்ளிகள் என்று கேலி செய்தார்கள். உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அண்ணி இல்லாமல் ஓர் இலையும் கிள்ளமாட்டோம் என்று நாங்களும் வீட்டிலிருந்தோம். பதினோராம் நாள், காலை பத்து மணிக்கு, செடியும் பாறையுமாய் மேல்சரிவு முழுதும் இடிந்து ஓடைக்குள் இறங்கியது. அங்கே ஒருத்தியும் இல்லை! ஒருத்தியும் இல்லை, அண்ணி!

அலுவலகமே உங்களைத் திரும்ப வேலைக்கு அழைத்தது. அதன்பின் மழைநாளில் நீங்கள் பார்த்துச் சொல்லாமல் யாரும் மேலே ஏறியதில்லை. "சரிவு எப்படி இருக்கு அண்ணி?" என்று மேலாளரே கேட்டு நின்ற பத்தொன்பது ஆண்டுகளை நினைக்க நினைக்க எங்கள் நெஞ்சு நிமிர்கிறது. அன்று உயிர் தப்பிய தாய்மார் பெற்ற பிள்ளைகள் இந்தக் கூடத்தில் பாதியை நிறைத்திருக்கிறார்கள். இந்தக் கூச்சலும் அவர்களுடையதுதான்!

நோயும் நொடியும் உங்கள் வாசல் மறக்கட்டும்! முழங்கால் வலி மூட்டை கட்டட்டும்! நாளைக் காலை ஆலைச் சங்கு ஊதும், எழுந்துவிடாதீர்கள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புரண்டு படுங்கள். உங்களுக்கு நாங்கள் இடும் முதல் உத்தரவு இது!

என்றும் உங்கள்,
மேல்பிரிவில் கூடை சுமக்கும் பெண்கள் அனைவரும்