முழங்கையின் உள்பக்கம்

இப்போதெல்லாம் எனக்குப் பேருந்தில் எப்போதும் உட்கார இடம் கிடைக்கிறது, சார். பக்கத்து இருக்கையும் காலியாகவே இருக்கும். பையை அதில் வைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வருவேன். சின்ன விஷயம்தான். ஆனால் நாலு மாதமாக என் வாழ்க்கையில் எல்லாமே இப்படி ஒவ்வொன்றாக நன்றாகிக்கொண்டு வருகிறது.

நீங்கள் கேட்டது பியூட்டிரிக் அமிலத்தைப் பற்றி. சோதனைக்கூட அலமாரியில் ஒரு சின்ன பாட்டில் குறைகிறது என்றீர்கள். அதை எடுத்தது நான்தான். காரணத்தைச் சொன்னால் உங்களுக்கும் நியாயமாகத்தான் படும்.

நீங்கள் பாதுகாப்பு அதிகாரி, மோப்ப அறைக்குள் அதிகம் வந்திருக்க மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். அந்த அமிலத்தை நன்றாக நீர்க்கச் செய்தால் வெண்ணெய் வாசம். நம் பிஸ்கட்டுகள் அதனால்தான் விற்கின்றன. நீர்க்காமல் விட்டால், குழந்தை கக்கிய துணியை ஒரு வாரம் பையில் மூடி வைத்ததுபோல இருக்கும். நாங்கள் நாலு பேர் நாள் முழுக்க மாதிரிகளை முகர்ந்து மதிப்பெண் போடுகிறோம். ஒன்றை முகர்ந்ததும் அடுத்ததற்குப் போவதற்கு முன் எங்கள் முழங்கையின் உள்பக்கத்தை ஒருமுறை முகர்வோம். சொந்தத் தோலின் வாசம் மூக்குக்குப் பழகியது. அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மறுபடி எண்ணத் தொடங்க வேண்டும்.

சத்தமாகப் பேச வேண்டுமா? நமக்கு நடுவில் இருக்கும் இந்தக் கண்ணாடி தடிமனானது.

என் அத்தான், அக்காவின் கணவர், நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற மனிதர். எங்கள் வீட்டிலேயே அவர்தான் மிகச் சுத்தம். ஒரு வருடம் லீவு போட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற ஆசைப்பட்டார். பழைய கேரவன் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியல் மூலை, கையகலக் கழிவறை. கதவைத் திறந்தால் நாறியது.

"வண்டியா வாங்கினீங்க, சாக்கடையா வாங்கினீங்க?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நாள் காத்தாட விட்டா சரியாயிடும்."

"நீங்க விடுங்க. நான் வெளியில நின்னு பாக்கறேன்."

அம்மாதான், "சின்னவ அதுக்குத்தானே சம்பளம் வாங்கறா, அவளக் கூப்பிடுங்க" என்றாள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், சார். எங்கள் வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். வேண்டுமென்றே அல்ல. என் குரல் அப்படி. அன்று மூன்று பேரும் கேரவனுக்கு வெளியே மூச்சு விடாமல் நின்றுகொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தார்கள்.

முதல் நாற்றம் குளியல் மூலையிலிருந்து வந்தது. வடிகுழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அது காய்ந்துபோனால் அடியில் இருக்கும் கழிவுத் தொட்டியின் காற்று மேலே வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். நாற்றம் நின்றது. அத்தான் கை தட்டினார். இரண்டாவது, குளிர்பெட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடந்த எலி. மூன்றாவது, ஜன்னல் ஓரம் ஒழுகி மெத்தைக்கு அடியில் ஊறியிருந்த பஞ்சு. ஒவ்வொன்றுக்கும் எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் சாப்பிடும்போது என்னைச் சுற்றித்தான் பேச்சு. அத்தான் எனக்கு 'மூக்கு மேடம்' என்று பேர் வைத்தார். "மூக்கு மேடம் சொல்லிட்டாங்கன்னா அப்பீலே கிடையாது" என்பார். அக்கா என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

பத்தாம் நாள் கேரவன் சோப்பு வாசம் மட்டும் அடித்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னாலதான்டி. வெள்ளிக்கிழமை கிளம்பறோம்" என்றாள்.

என்னால்தான். அதை நான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அக்காவுக்குப் புது இடத்தில் தூக்கம் வராது. ஒரு வருடம் தூங்காமல் இருந்தால் உடம்பு என்னவாகும்? இதை வாயால் சொன்னால் டிவி சத்தம் கூடும். ஆகவே வியாழக்கிழமை சோதனைக்கூடத்திலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் எல்லாம் செய்தேன், விதிப்படி. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு அந்த மடிப்புக்குள், முழங்கையின் உள்பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டேன், அன்றிலிருந்து தினமும் அங்கேதான். யாருக்கும் தெரியாத இடம். மூடி கொஞ்சம் லூசாக இருந்தது. ஆனால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் எனக்குத் தெரியாதா?

முதல் சொட்டு டேஷ்போர்டுக்கு அடியில். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நாலு நாள் தேடுவது சுலபமில்லை, சார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை படுக்கைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துத் தீர்த்தேன். "மூக்கு மேடம், மயக்கமா?" என்று அத்தான் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். பாவம், நல்ல மனிதர். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்.

இரண்டாவது சொட்டு திரைச்சீலை மடிப்பில். மூன்றாவது அடுப்புக்குப் பின்னால். அத்தான் தரையைப் பெயர்த்தார், பலகையைக் கழற்றினார், கழிவுத் தொட்டியையே மாற்றினார். எட்டு வெள்ளிக்கிழமைகள் போயின. ஆனால் பாருங்கள், ஒரு கேரவனில் இடங்கள் எத்தனை இருக்க முடியும்? எல்லாவற்றையும் கழற்றிய பிறகு எலும்புக்கூடு மாதிரி நின்றது. இன்னும் நாறினால் காரணம் வண்டி இல்லை என்று ஆகிவிடும். எந்த ஆராய்ச்சியிலும் கடைசியில் மனிதக் காரணி என்று ஒன்று வரும்.

ஆகவே அத்தானின் தொப்பி உள்பட்டியில் ஒரு சொட்டு. கடிகாரப் பட்டையில் ஒன்று. செருப்பில் இரண்டு.

சந்தேகம் வரும்படி பேசியது நான் இல்லை. அம்மாதான் முதலில் சொன்னாள், மெதுவாக, சமையலறையில்: "மாப்பிள்ளை உள்ள வந்தாத்தான் வருது. போனா போயிடுது." அக்கா அழுதாள். ஒருவரை இப்படி ஊகத்தில் குற்றம் சொல்வது எனக்குப் பிடிக்காது. முறைப்படி ஒரு சோதனை வைக்கலாம் என்றேன்.

ஐந்து காகிதக் கப். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் கழுத்தில் துடைத்த பஞ்சு. ஒன்று வெறும் பஞ்சு. எந்த எண் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தேன். மூன்றாம் எண் பஞ்சில் ஒரு சொட்டு. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம்.

"பரீட்சை எழுத வந்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"பிட்டு அடிக்கக் கூடாது அத்தை, மேடம் பாத்துட்டு இருக்காங்க" என்றார் அத்தான்.

அம்மா முகர்ந்தாள். "மூணு" என்றாள். பிறகு தயங்கி, "அஞ்சும் லேசா..." என்றாள். அம்மாவுக்குப் பயிற்சி இல்லை. ஐந்து என்னுடையது. விலகி நிற்கும் ஒரு தரவை விட்டுவிடுவது வழக்கம், விட்டுவிட்டேன். அக்கா மூணு என்றாள். அத்தான் கடைசி. ஐந்தையும் இரண்டு சுற்று முகர்ந்தார், ஒயின் ருசி பார்ப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. பிறகு சந்தோஷமாக மேஜையைத் தட்டினார்.

"மூணுதான். சந்தேகமே இல்ல. யாருப்பா அது, பாவம்?"

நான் தாளைப் பிரித்து வைத்தேன்.

அவர் அதை ரொம்ப நேரம் படித்தார். இத்தனைக்கும் அதில் ஐந்தே வரி. பிறகு நாற்காலியை மேஜையிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் நாற்காலி எப்போதும் அந்தத் தூரத்தில்தான் இருந்தது.

டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். பல் டாக்டரும் ஒன்றும் இல்லை என்றார். அவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று அத்தான் முடிவு செய்துகொண்டார். ஒரு நாளைக்கு ஐந்து குளியல். துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்ததில் தோள்பட்டைத் தோல் உரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் பேசப் பழகினார். நீச்சல் குளத்தில் தண்ணீருக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறார், மூச்சு முட்டும்போதுதான் மேலே வருகிறார் என்று அங்கே வேலை செய்பவர் அக்காவுக்குப் போன் செய்தார். "உள்ள இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்லல்ல" என்றாராம்.

என்னிடம் மட்டும் தினமும் காலையில் வருவார். கையை நீட்டுவார். "இன்னிக்கு எப்படி இருக்கு, மூக்கு மேடம்?"

நான் என் முழங்கையை முகர்ந்து பூஜ்யம் வைத்துக்கொண்டு, பிறகு அவர் கையை முகர்ந்து மதிப்பெண் சொல்வேன். பத்துக்கு ஆறு. பத்துக்கு ஏழு. ஒருமுறை நாலு என்று சொன்னேன், அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் எட்டு.

போன மாதம் ஒரு காலையில் கேரவனை அவரே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா பெட்டியோடு ஓடினாள். "நானும் வரேன். நாறினா நாறிட்டுப் போகுது" என்றாள். அவர் கண்ணாடியை இறக்காமலே, "உன்னை என்னோட ஒரு டப்பாக்குள்ள அடைக்க மாட்டேன்" என்றார். போய்விட்டார்.

மொத்தம் முப்பத்தெட்டு சொட்டு. எல்லாம் நான்தான். நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. வேண்டுமானால் தருகிறேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். அக்கா வீட்டில் இருக்கிறாள். என் அறையில் எனக்குப் பக்கத்திலேயே படுக்கை போட்டேன். இரண்டு நாள் படுத்தாள். பிறகு கூடத்துக்கு மாறினாள், இப்போது மொட்டைமாடியில் படுக்கிறாள், முகத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு. பிரிவு அப்படித்தான் செய்யும். அம்மா நேற்று, "அவரு போயி ஒரு மாசமாச்சு, இன்னும் வீட்ட விட்டுப் போகலையே" என்று என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். மூலக்கூறுகள் துணியில் தங்கும் என்று விளக்கினேன். முழுதாகக் கேட்டாள். வாசற்படியில் நின்றுகொண்டுதான், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான், ஆனால் கேட்டாள். டிவி அணைத்திருந்தது.

இங்கேயும் அப்படித்தான். மோப்பக் குழுவில் மற்ற மூன்று பேரும் எனக்குத் தனி அறையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு இவ்வளவு நேரம் குறுக்கிடாமல் நிற்கிறீர்கள். இவ்வளவு மரியாதை எனக்குப் பழக்கமில்லை, சார்.

கடைசியாக அறையைச் சோதித்துச் சொல்லச் சொன்னீர்கள், பாட்டில் இங்கே எங்காவது உடைந்து சிந்தியிருக்கிறதா என்று. சோதித்துவிட்டேன். முழங்கையை முகர்ந்தேன். பிறகு மேஜை, அலமாரி, தரை, மறுபடி முழங்கை. வித்தியாசமே இல்லை. எல்லாம் பூஜ்யம்.

இந்த அறையில் எந்த நாற்றமும் கிடையாது. அந்த முகமூடியைக் கழற்றிவிட்டு நீங்கள் தாராளமாக உள்ளே வந்து உட்காரலாம், சார்.