எஃப் டியூபா வாங்கும் முன்

மரக்காணம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உப்பளத்தில் வேலை செய்யும் தாயும் மகளும் இருந்தார்கள். ஆரோவில்லில் இரண்டு எஃப் டியூபாக்களை, அந்தப் பெரிய பித்தளை ஊதுகருவிகளை, ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

“ரோட்டரி வால்வு வச்சதுல சத்தம் நல்லா இருக்குதும்மா,” என்றாள் மகள்.

“உப்புக் காத்துல இறுகிடும்டி. தண்ணி எறைக்கிற இன்ஜினாட்டம் தெனம் கழட்டித் தொடைக்க முடியுமா?”

“பிஸ்டன் வச்சதுன்னா நாமளே கழட்டலாம்.”

“அப்ப அதையே வாங்கு. தொடைக்கிறது என் வேல.”

“பொண்ணுக்கு மூச்சு பத்தாதுன்னு ஸ்கூல் பேண்டுல சேக்கலயே ஒரு சார், அவரு வூட்டு வாசல்லதான் மொதல்ல ஊதுவேன்.”

“அவ்ளோ தூரம் எதுக்குடி? நம்ம உப்புப் பாத்தியிலேர்ந்து ஊதுனாலே அவருக்குக் கேக்கும்!”

அந்த சார் நான்தான். அவர்கள் இறங்குவதற்குள் ஆறு நிறுத்தங்கள் வந்தன. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.