பெயர் சொல்லாத எண்

குப்பை அஞ்சல் யாருக்குத்தான் பிடிக்கும்? லாட்டரி விழுந்தது என்பான் ஒருவன், வழுக்கைக்கு மருந்து என்பான் இன்னொருவன். எங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் குடும்பப் பெயரிலேயே மின்னஞ்சல் உண்டு. அதற்கென்று தனி சர்வர். ஓய்வு பெற்ற பிறகு அதன் வாசலைக் காப்பவன் நான்.

கேட்டீர்கள், சொல்கிறேன். என் விதி எளிது. கடிதம் கொண்டுவரும் கணினிக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் அதே எண் வர வேண்டும். சம்பந்தம் பேசும்போது இரண்டு பக்கமும் விசாரிப்பதில்லையா, அதுபோலத்தான். பெயர் சொல்லாத எண்ணை வாசலோடு அனுப்பிவிடுவேன். யார் கேட்டாலும் இலவசமாக மின்னஞ்சல் முகவரி கொடுக்கும் நிறுவனங்களிலிருந்து வருவதற்கும் இடமில்லை. சத்திரத்தில் படுப்பவனுக்கு ஏது விலாசம்?

என் மகள் எங்களைக் கேட்காமல் கேபிள் இழுக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்திருந்தான். அதன் எண்ணுக்குப் பெயரில்லை. அவள் எழுதியதெல்லாம் திரும்பிப் போனது. நான் ஒன்றும் செய்யவில்லை, விதி செய்தது.

என் மனைவிக்குக் காது கேட்காது. போனில் பேச வழியில்லை, எழுத்து மட்டும்தான், அதுவும் இந்த மின்னஞ்சலில். அவள் எழுதுவது மகளுக்குப் போய்ச் சேரும். பதில்தான் வராது.

"கல்நெஞ்சுக்காரிங்க அவ. அப்படியே உங்கள உரிச்சு வெச்சிருக்கா" என்பாள். நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் அந்தப் பையன் போன் செய்தான்.

"மாமா, எங்க சர்வருக்குப் பேர் வாங்கிட்டேன். ரெண்டு பக்கமும் பொருந்துது. இனிமேலாவது உள்ள விடுவீங்களா?"

"மாமாவாம், மாமா! முறையா வந்தா வரும். வை போனை."

முறையாகத்தான் வந்தது. எண்ணைக் கேட்டேன், 'பட்டுக்குட்டி' என்றது. மகளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த நாட்களில் நான் கூப்பிட்ட பெயர். பெயரைக் கேட்டேன், அதே எண். குறை சொல்ல முடியாத பொருத்தம்.

திறந்து படித்தேன். "அம்மா, என் உடம்பு இனிமே தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு தடவை உன்னைப் பாக்கணும். அப்பாவுக்குத் தெரியாம வராதே. கேட்டுட்டே வா."

விதிப்படி அதை என் மனைவியிடம் சேர்த்திருக்க வேண்டும். அழித்தேன். பட்டுக்குட்டி என்ற பெயரை என் கையாலேயே தடைப்பட்டியலில் சேர்த்தேன். ஒருத்திக்காக வளைந்து கொடுத்தால் குடும்பத்தை யார் மதிப்பார்கள்?

அவன் மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை மாமா என்று சொல்லவில்லை. "உங்க பொண்ணு போயிட்டா. நாளைக்குக் காலைல எடுக்கறோம்" என்றான்.

நான் போகவில்லை. மனைவியிடம் சொல்லவும் இல்லை. இப்போதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள். "கோவம் போகலையாடி இன்னும்? உடம்பப் பாத்துக்கோ" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறாள்.

தட்டட்டும். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நிற்கிற ஆள் இல்லை நான். இந்த வீட்டிலிருந்து வெளியே போகும் கடிதம் ஒன்றைக்கூட நான் தடுத்ததில்லை.