பென்சிலில் எழுதிய மூன்று பக்கம்

நான் மெதுவாகப் படிப்பவன். வக்கீல்கள் அதை மரியாதையாக ‘ஆழ்ந்த வாசிப்பு’ என்பார்கள். என் மனைவி இங்க்ரிட், கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவது என்பாள். என் பெயர் எமெட் லிண்ட்க்விஸ்ட், இருபத்திரண்டு ஆண்டுகளாக மத்திய நீதிமன்ற நீதிபதி. இந்த விசாரணைக் குழுவுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேறு பெருமை எதுவும் இல்லை.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். வெளியாட்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். சிறைவாசிகள் போடும் வழக்குகளை முதலில் மாஜிஸ்திரேட் ஹோலிஸ் அம்டால் பார்ப்பார். ‘தள்ளுபடி செய்யலாம்’ என்று எனக்குப் பரிந்துரை எழுதுவார். வழக்குப் போட்டவர் பதினான்கு நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், அம்டால் சொன்னதை மறந்துவிட்டு அந்தப் பகுதியை நான் புதிதாக ஆராய வேண்டும். அம்டால் அழகாக எழுதுவார். அடியில் என் கையெழுத்தைப் போட்டால் நானே எழுதியது போல இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது.

லீலண்ட் டப்ஸ் கூரை வேலை செய்பவர், சர்க்கரை நோயாளி. சிறையில் இன்சுலின் ஒழுங்காகத் தருவதில்லை, கால் புண் அழுகுகிறது என்று வழக்குப் போட்டார். சிறைத் தரப்பு தள்ளுபடி கேட்டது. ‘அதிகாரிகளுக்குத் தெரிந்தே நடந்தது என்று மனுவில் எங்கும் இல்லை’ என்று அம்டால் பரிந்துரைத்தார். மனுவில் இல்லைதான்.

பன்னிரண்டாம் நாள் ஆட்சேபம் வந்தது. மார்ச் முப்பதாம் தேதி என் சட்ட உதவியாளர் பிரிஜிட் அதை மேசையில் வைத்தாள்.

“ஜட்ஜ், டப்ஸோட ஆட்சேபம். இத நீங்களே பாக்கணும்.”

“சுருக்கமாச் சொல்லேன்.”

“நான் சுருக்கிட்டா நீங்க எத புதுசா ஆராய்வீங்க?”

“நாளைக்கு என்ன தேதின்னு ஞாபகம் இருக்கா?”

அவளுக்கு இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் முடிக்காத மனுக்கள் எத்தனை என்று மார்ச் கடைசியில் நீதிபதிகளின் பெயரோடு பட்டியல் போடுவார்கள். டப்ஸ் வழக்கில் சிறைத் தரப்பு போட்ட மனுவுக்கும் ஆறு மாதம் தாண்டியிருந்தது. என் பெயருக்கு நேரே எப்போதும் பூஜ்யம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டேன்: “ஆட்சேபித்த பகுதிகளைப் புதிதாக ஆராய்ந்தேன். பரிந்துரை ஏற்கப்படுகிறது.” இந்த வாசகம் கணினியில் தயாராகவே இருக்கும். ஆள் பெயரை மாற்றினால் போதும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்திருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூனில் டப்ஸின் இடது காலை வெட்டி எடுத்தார்கள். ஆகஸ்டில் அவர் இறந்தார்.

அவருடைய அக்கா வெர்னா என் அறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஒரு பென்சில் குடுக்க அவன மூணு நாள் கெஞ்ச விட்டாங்க. நீங்க அதப் படிச்சீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“வழக்கப் பத்தி நான் பேசக் கூடாதும்மா.”

விதி அப்படி. நான் விதி மீறாதவன். படிக்காமலே ‘ஆராய்ந்தேன்’ என்று நான் பொய் எழுதியதாக அவள் உங்களிடம் புகார் கொடுத்தாள்.

உங்களில் ஒருவர் என் பழைய நண்பர். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். “படிக்காம கையெழுத்துப் போட்டுட்ட, அவ்வளவுதானே எமெட்? வேலை ஜாஸ்தின்னு எழுதிக் குடு. கண்டிச்சுட்டு விட்ருவோம்.”

அன்பான யோசனை. சோம்பேறி என்ற பட்டம் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

ஆனால் நான் படித்தேன். இரண்டு முறை படித்தேன். மூன்று பக்கம், பென்சிலில், கோடு பிசகாத எழுத்து. நர்ஸின் பெயர் இருந்தது. இன்சுலின் கேட்ட தேதிகள் இருந்தன. டப்ஸ் மருந்து கேட்டு எழுதிய சீட்டை உரக்கப் படித்துச் சிரித்த சிறை சார்ஜென்ட்டின் பெயரும் இருந்தது. அம்டால் இல்லை என்றதெல்லாம் அதில் இருந்தது. வழக்கு நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. பரிந்துரையை மறுத்துப் பத்துப் பக்கம் எழுத வேண்டும், ஒரே நாளில் என்னால் முடியாது என்பதும் தெரிந்தது. அந்தக் கால் காத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தரவில் ‘ஆராய்ந்தேன்’ என்று எழுதினேன். ஆராய்ந்துதான் எழுதினேன். ஆகவே, நான் பொய் எழுதினேன் என்ற குற்றச்சாட்டை மட்டும் குழு நீக்கிவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.