கத்தரீனாளுக்குக் கிடைத்த பரிசு

– பேரு என்னுது, மொகம் உன்னுது. இது எந்த ஊரு நியாயம் சிஞ்சு?

– அக்கா, மொதல்ல உக்காரு. இடுப்புல கட்டுன படங்குச் சாக்கக்கூட அவுக்காம தேயிலத் தோட்டத்துலருந்து நேரா பஸ் ஏறி வந்திருக்க. பின்னே, ஒரு வாய் தண்ணி குடி.

– தண்ணி குடிக்க வரல. கொழுந்து நிறுக்குற எடத்துல வரிசையில நிக்கேன். தமிழ்ப்ரியா ஓடி வாரா. அவ மவன் ரிஜினும் நம்ம லிஜி ஸ்கூல்லதானே படிக்கான். “ஏக்கா, உனக்குப் பரிசு குடுத்திருக்காங்க, ஒரு வார்த்த சொல்லலியே”ன்னு போன நீட்டுதா. பாத்தா மேடை. ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிச்சுக்கிட்டே பரிசக் குடுக்காங்க. வாங்குறது நீ. பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நிக்குறது நான் பெத்தது.

– அக்கா, நான் சொல்றதக் கேளு...

– கீழ மலையாளத்துல என்னட்டி எழுதிருக்குன்னு கேட்டேன். தமிழ்ப்ரியா வாசிச்சா. “பெற்றோர் கூட்டம் ஒண்ணு விடாம வந்த தாய், பத்தாங் கிளாஸ் லிஜியின் அம்மா கத்தரீனாள்.” சுத்தி நின்ன பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் என் மொகத்தப் பாக்காளுவ. நான் எங்கட்டி பாக்க? கொழுந்துக் கட்டப் பாத்துக்கிட்டு நின்னேன்.

– நான் வந்து உன்கிட்ட சொல்லிரணும்னுதான்...

– லிஜி எங்க? செருப்பு வாசல்ல கெடக்கு. ஸ்கூல் விட்டா இங்கதானே சாயா குடிக்க வருவா. ஏட்டி லிஜி! வெளிய வா.

– அம்மா... நானே சொல்லணும்னு இருந்தேன்மா.

– என்னைக்கு? மூணு வருஷமா வராத நாளு என்னைக்கு வரும்னு இருந்த? எட்டாங் கிளாஸ்ல சேந்தப்ப ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்தேன். சூப்பர்வைசர் காலப் புடிக்காத குறையா அரை நாள் லீவு கேட்டு வந்தேன். அதுக்கப்புறம் நீ என்ன சொன்ன? அப்படியே சொல்லு, உன் சித்தியும் கேக்கட்டும்.

– பிடிஏ கூட்டமெல்லாம் இனிமே வாட்ஸ்ஆப்லதான் நடக்கும்னு சொன்னேன்.

– பொறவு?

– உன்கிட்ட பட்டன் போனுதான் இருக்கு, அதனால சித்தி நம்பரக் குடுத்திருக்கேன்னு சொன்னேன்.

– நானும் சரின்னேன். பெத்த பிள்ள சொன்னா நம்பாம? மாசத்துக்கு ஒருவாட்டி கேப்பேன்ல, கூட்டம் உண்டாட்டின்னு?

– கேப்ப.

– “இல்லம்மா, டீச்சர் மெசேஜ் போட்டுட்டாங்க, நான் நல்லா படிக்கேனாம்”ம்ப. நானும் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுத்திரி வாங்கி வைப்பேன். மாதாவே, என்ன மடச்சி நான்! உங்கப்பாவுக்குத் தெரியுமா இது?

– அப்பாவுக்குத் தெரியாது. சத்தியமா. அவரு கம்பம்மெட்டு ஏலக்கா ஸ்டோர்லருந்து சனிக்கிழம ராத்திரிதானே வருவாரு.

– அந்த மட்டும் பொழச்சேன். வீட்டுல என்னைப்போல இன்னொரு ஏமாளியும் இருக்கு.

– அவள ஏசாதக்கா. போனது நான். பிள்ள ஒரு நாள் கடைக்கு வந்து, சேல மடிச்சுக்கிட்டு இருந்த என் கையப் புடிச்சு அழுதா. “அம்மா வந்தா சரியா வராது சித்தி, நீ வா”ன்னு. பின்னே, மத்தியானம் துணி வாங்க யாரு வாரா? ஒரு தடவதானேன்னு போய் உக்காந்தேன். டீச்சர் வந்து “லிஜியோட அம்மாதானே?”ன்னாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல.

– ஏன் வரல? சித்தின்னு சொன்னா நாக்கு வெந்துருமோ?

– உனக்கு அது தெரியாதுக்கா. கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருஷம். கோட்டயம் வரைக்கும் போய் டாக்டர் பாத்தாச்சு. பாக்காத கோயில் இல்ல. எல்லாரும் “விசேஷம் உண்டா”ன்னுதான் கேட்டிருக்காங்க. அன்னைக்கு ஒருத்தங்க நேருக்கு நேரா வந்து “அம்மாதானே”ன்னு கேட்டாங்க. தல தானா ஆடிருச்சு.

– ஆடட்டும். ஒரு தடவ ஆடட்டும். நானே சரின்னு விட்டிருப்பேன். மூணு வருஷமாவாட்டி ஆடும்?

– அந்த ரெண்டு மணி நேரம் எனக்குன்னு ஒரு பிள்ள இருந்துச்சு. விட முடியல. வேற என்ன சொல்ல?

– என்கிட்ட கேட்டிருந்தா நானே உன்னக் கூட்டிட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேருமா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்போம். கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற.

– உனக்குத்தான் மலையாளம் வராதேக்கா. அங்க எல்லாம் மலையாளத்துலதான்...

– பேச வராது. ஆமா. அது ஏன் வரலன்னு உனக்குத் தெரியாதா? அஞ்சாங் கிளாஸோட என் படிப்ப நிறுத்தி உன்னத் தூக்கி இடுப்புல குடுத்தாங்க. நீ வளந்ததும் கொழுந்துக்குப் போனேன். “இவளாச்சும் மலையாளம் ஸ்கூல்ல படிக்கட்டும்யா”ன்னு அப்பாகிட்ட மல்லுக்கு நின்னது யாரு?

– நீதான்.

– உன் யூனிபார்ம், உன் புஸ்தகம் எல்லாம் நான் எடுத்த கொழுந்து. அந்த மலையாளத்த வச்சுக்கிட்டு என் நாற்காலியிலயே போய் உக்காந்துட்டியே சிஞ்சு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு கேட்டிருக்கேன். இப்பத்தான் கண்ணால பாக்கேன்.

– அப்படிச் சொல்லாதக்கா. நெஞ்சு வலிக்குது.

– வலிக்கட்டும். எனக்கு மட்டும் வலிக்கணுமோ? அந்தப் பரிசு எங்க?

– அலமாரியில. சேலைக்கு அடியில.

– களவாண்ட சாமான் மாதிரி ஒளிச்சு வேற வச்சிருக்க. எடு. ம்... கண்ணாடியா? கனமாத்தான் இருக்கு. லிஜி, இதுல என் பேரு எங்க? வெரல வச்சுக் காட்டு.

– இந்தாம்மா. இங்க.

– இதா? கொக்கி கொக்கியா இருக்கு. என் பேரு மலையாளத்துல இப்படித்தான் இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கேன்.

– அதை நீயே வச்சுக்கக்கா. பின்னே, நாளைக்கு மட்டும்...

– சித்தீ, பறயண்டா! அம்மக்கு மனசிலாவில்லல்லோ.

– என்னட்டி அவகிட்ட முணுமுணுக்க?

– ஒண்ணும் இல்லம்மா.

– சிஞ்சு, நீ சொல்லு. நாளைக்கு என்ன?

– மறைச்சு என்ன ஆகப் போகுது லிஜி. நாளைக்கு ரெண்டு மணிக்குக் கூட்டம் இருக்குக்கா. பரீட்சைக்கு முன்னால கடைசிக் கூட்டம். பரிசு வாங்குன அம்மா மத்த அம்மா அப்பாமாருக்கு முன்னால பத்து நிமிஷம் பேசணுமாம். வீட்டுல பிள்ளைய எப்படிப் படிக்க வச்சேன்னு.

– நீ பேசப் போறியா?

– லிஜி எழுதிக் குடுத்திருக்கா. மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

– அந்தத் தாளக் கொண்டா. லிஜி, வாசி. என் பாஷையிலயே கேக்கணும், தமிழ்ல சொல்லு.

– வேண்டாம்மா.

– வாசிட்டி.

– “நான் தினமும் காலையில நாலு மணிக்கு எந்திரிப்பேன். கட்டன்சாயா போட்டுட்டு மகளை எழுப்புவேன். கரண்டு இல்லாத நாள்ல மெழுகுத்திரி பொருத்தி வச்சுக்கிட்டு, அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். எனக்கு மலையாள எழுத்து தெரியாட்டியும், அவ வாசிக்கும்போது தடுமாறுனா, திரும்ப வாசின்னு சொல்லுவேன்...”

– நிறுத்து. சிஞ்சு, நீ எத்தன மணிக்கு எந்திரிப்ப?

– ஏழு.

– நாலு மணிக்கு எந்திரிக்கிறது யாரு லிஜி?

– நீம்மா.

– செஞ்சது நான். பேசப் போறது அவ. பரவாயில்லட்டி, எழுதும்போதாச்சும் என் நெனப்பு வந்துச்சே.

– அம்மா, ப்ளீஸ்மா, அழாத.

– அழல. எந்திரி. நாளைக்கு நான் வாறேன். தமிழ்லயே நானே பேசுதேன்.

– நீயா? வேண்டாம்மா! நீ ஒரு தடவ வந்தத எல்லாரும் மறந்துட்டாங்க, சித்திதான் அம்மான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நீ வந்து நின்னா என்னை என்ன நெனப்பாங்க?

– நெசத்த நெனப்பாங்க.

– அதுக்காக இல்லம்மா. உனக்குப் புரியாது. சொன்னா உன் மனசு கஷ்டப்படும்.

– இதுக்கு மேலயா? சொல்லு.

– சொல்லிரு லிஜி. என்கிட்ட அழுதியே, அத அவகிட்டயும் சொல்லு.

– எட்டாங் கிளாஸ்ல நீ வந்தேல்ல, கோயிலுக்குக் கட்டுற பச்சச் சேல கட்டிக்கிட்டு? அன்னைக்குக் கணக்கு டீச்சர் உன்ன எழுப்பி நிறுத்தி மலையாளத்துல என்னமோ சொன்னாங்கல்ல?

– சொன்னாங்க.

– அது நல்ல வார்த்த இல்லம்மா. “எஸ்டேட்காரங்களுக்குப் பிள்ளையப் பெத்து ஸ்கூல்ல தள்ளிட்டா வேலை முடிஞ்சுது, மிச்சம் எங்க தலையில”ன்னு சொன்னாங்க. “இந்தம்மாவப் பாருங்க, நான் ஏசுறேனா புகழுறேனான்னுகூடத் தெரியாம நிக்குது”ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

– எல்லாருமா?

– எல்லாரும்தாம்மா. உனக்கு ஒண்ணும் புரியல. நீயும் கூடச் சேந்து சிரிச்சுக்கிட்டே “சரி டீச்சர், சந்தோஷம் டீச்சர்”னு கும்பிட்ட. எனக்குச் செத்துப் போயிறலாம் போல இருந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே என் அம்மாவ நிக்க வச்சு யாரும் சிரிக்கக் கூடாதுன்னு. நான் உன்ன ஏமாத்தலம்மா. உனக்காகத்தான் செஞ்சேன்.

– எனக்காகவா?

– சத்தியமா உனக்காகத்தான்.

– பாத்தியாக்கா? பிள்ள மனசுல எவ்வளவு இருந்திருக்கு. பின்னே, இப்பவாச்சும் அவ மேல கோவப்படாத.

– நீ சும்மா இரு சிஞ்சு. லிஜி, அந்தக் கணக்கு டீச்சர் இப்பவும் அங்கதான் இருக்காங்களா?

– இருக்காங்க. நாளைக்கும் வருவாங்க. அதனாலதான் சொல்றேன், மறுபடியும் எதாச்சும் சொல்லுவாங்க, நீ புரியாம...

– பேச வராதுன்னுதானட்டி சொன்னேன். கேட்டாப் புரியாதுன்னு எப்பச் சொன்னேன்? இருபத்தஞ்சு வருஷமா சூப்பர்வைசருமாரு என்னைய எந்தப் பாஷையில ஏசுதாங்க? நீ தடுமாறுனா திரும்ப வாசின்னு சொல்லுதேனே, தடுமாறுனது எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் முன்ன உன் சித்திகிட்ட “பறயண்டா”ன்னியே, சொல்லாத, அம்மாவுக்குப் புரியாதுன்னு, அதும் காதுல விழுந்துச்சு.

– அம்மா... அப்போ அன்னைக்கு டீச்சர் சொன்னது...

– அம்புட்டும் புரிஞ்சுது. அழுகதான் முட்டிக்கிட்டு வந்துச்சு. பிள்ள தாங்க மாட்டாளேன்னு திரும்பி உன்னப் பாத்தேன். அந்த ரூமுல மொதல்ல சிரிச்சது நீ லிஜி. நீ சிரிக்கியேன்னுதான் நானும் சிரிச்சேன்.