நான்கு மணி வரை

அவைக்குத் தலைமையேற்று, அவ்வப்போது கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளும் தலைவர் அவர்களே! எழுதி எழுதிச் சிவந்த விரல்களோடு வந்திருக்கும் பத்திரிகைப் பெரியோர்களே! மடியில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு என் பேச்சுக்காக விழித்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

நிறுவனங்கள் எழுதித் தரும் செய்தியைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைப்பது என் பிழைப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் அறுநூறு அலுவலகங்களில் போய் இறங்கும். என்ன, குப்பைக் கூடையிலா? பின்வரிசை ஐயா உள்ளதைத்தான் சொல்கிறார்! ஆனாலும், அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினால், காணாத ஊர்களில் காணாத கண்கள் அதைப் படிப்பது எனக்குத் தெரியும். கனவு காணச் சம்பளம் தரும் தொழில் வேறு எது?

அன்றும் அப்படியொரு கிறக்கமான மதியம். சன்னல் திரைச்சீலை மெல்ல அசைந்தது. கணினியில் ஒரு செய்தி காத்திருந்தது. 'மாலை நான்கு மணி வரை வெளியிடக் கூடாது' என்று அதன் தலையில் எழுதியிருந்தது. கண்ணாடி ஆலை ஒன்றை மூடுகிறார்கள். நானூறு பேருக்கு வேலை போகிறது. அவர்களில் ஒருவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

இரண்டு மணிக்கு அவரே அழைத்தார். "வேற கம்பெனில கூப்பிடுறாங்கம்மா. மூணு மணிக்குள்ள பதில் சொல்லணும். இருபது வருஷம் சோறு போட்ட இடத்தை விட மனசு வரல. வேண்டாம்னு சொல்லிடவா?"

சொல்லவா? மறைக்கவா? சொன்னால் தொழிலுக்குத் துரோகம். மறைத்தால் இரத்தத்துக்குத் துரோகம்! "அவசரப்படாதீங்கண்ணே, மூணு மணி வரைக்கும் இருக்குல்ல" என்று வைத்துவிட்டேன்.

செய்தியின் அடியில் ஆலை அதிகாரியின் எண் இருந்தது. அழைத்தேன். "உங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"செய்தி வந்ததும் தெரிஞ்சுக்குவாங்கம்மா."

"அவங்களுக்குச் சொல்லாம நான் அனுப்ப மாட்டேன் சார்."

எதிர்முனையில் அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த நானூறுல நானும் ஒருத்தன்மா. எனக்கே காலைலதான் தெரியும். போய்ச் சொல்றேன்" என்றார்.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம். மறுபடி அண்ணன். "ஆலையை மூடுறாங்களாம். அந்த வேலைக்குச் சரின்னுட்டேன். உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

அதற்கு அண்ணன் சொன்னார்: "நல்லவேளை, சொல்லல. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, பக்கத்து மெஷின்காரன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நான்கு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். அழுதேன், உங்களிடம் அதை மறைக்கவில்லை.

அவையோரே! ஊர் அறியுமுன் உரியவர் அறிய வேண்டாமா? உலகத்தின் கதவைத் தட்டுமுன் உழைத்தவன் கதவைத் தட்ட வேண்டாமா? இன்றும் எந்தச் செய்தி வந்தாலும், அனுப்புமுன் அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

தலைவரின் கடிகாரத்தில் என் நேரம் முடிந்தது. காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கண்ணயர்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து வணக்கம்.